ஏழாம் இடத்துக்கான ஆட்டம்

இந்தியப் பெண்கள் வாலிபால் அணி, ஆசிய விளையாட்டுப் போட்டியின் முதல் ஆட்டத்தில் நேபாளத்தை நேர் செட்டில் ஜெயித்த அன்றைக்கு, செஞ்சியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற அரிகிருஷ்ணனுக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. அவனுக்கும் நேபாளத்துக்கும் எந்த உறவும் கிடையாது. இந்தியா ஜெயித்தால் வருத்தப்படுகிற ஆளும் இல்லை அவன். கிரிக்கெட் என்றால் கடையைச் சாத்திவிட்டு டிவி முன்னால் உட்காருவான். அவன் தொண்டையை அடைத்தது எதிரில் உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி மணிமொழியின் சிரிப்பு.

தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த செல்போனைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பரிமாறினாள். சோற்றில் ரசம் ஊற்றினாள். சற்றுக் கழித்து மறுபடியும் ரசமே ஊற்றினாள். தட்டில் குளம் கட்டி நின்றது. "போதும்" என்று அவன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. செல்போனுக்குள் நீலப் பனியன் போட்ட நெட்டைப் பெண் ஒருத்தி எகிறிப் பந்தை ஓங்கி அடித்தாள். பந்து எதிர்ப்பக்கத் தரையில் விழுந்து தெறித்தது. மணிமொழி கரண்டியோடு கையைத் தூக்கி, "அப்டிப் போடு ஜெயா!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள். பதின்மூன்று வருஷக் குடும்பத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவன் பார்த்ததில்லை. மகள் பிறந்தபோது சிரித்தாள், சொந்த வீட்டுக்குக் குடி வந்தபோது சிரித்தாள். அதெல்லாம் வேறு, நாலு பேர் பார்க்கச் சிரித்தது. இது அவளுக்குள்ளிருந்து, தனக்கே தெரியாமல் வெடித்து வந்தது.

"யாரு அது?" என்று, தெரிந்துகொண்டே கேட்டான்.

"ஜெயக்கொடிதாங்க. வல்லத்து ஜெயக்கொடி. என்கூட ஆடினாளே."

"ரொம்ப வயசான மாதிரி இருக்குது."

அதுவும் அவள் காதில் விழவில்லை. அரிகிருஷ்ணன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கை கழுவினான்.

மணிமொழி சிங்கவரத்துப் பெண். பெண் பார்க்கப் போனபோதே தரகர் சொல்லியிருந்தார்: பொண்ணு வாலிபால் ஆடும், ஸ்டேட் டீம் வரைக்கும் போயிருக்குது என்று. அரிகிருஷ்ணனுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு வந்த சிநேகிதர்களிடம் அவனே அதைச் சொல்லிக்கொண்டான். ஆடாதே என்று அவன் சொன்னதும் இல்லை, ஆடட்டுமா என்று அவள் கேட்டதும் இல்லை. கல்யாணம், மசக்கை, குழந்தை, ஜவுளிக்கடை வேலை என்று வரிசையாக வந்ததில் அது பாட்டுக்கு நின்றுபோனது. தனக்குத் தெரிந்த மணிமொழி இவள்தான் என்று அவன் இருந்துவிட்டான்: அதிகம் பேசாதவள், கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பவள், பஜாரில் சீதளநாதன் ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவள், ஆறாம் வகுப்பு படிக்கும் கயலுக்கு அம்மா.

ஜெயக்கொடி என்ற பெயரை அவன் கேள்விப்படாமல் இல்லை. செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒன்றாகப் படித்தார்கள். சிங்கவரத்திலிருந்து இவள் சைக்கிளில் வருவாள், வல்லத்திலிருந்து அவள் பஸ்ஸில் வருவாள். டீமில் இவள் வலையோரம் நின்று பந்தைத் தூக்கிக் கொடுப்பாள், அவள் எகிறி அடிப்பாள். பிறகு ஜெயக்கொடி ரயில்வேயில் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு ஒரு மெசேஜ் வரும். அவ்வளவோடு இருந்த சிநேகிதி, முப்பத்து நாலு வயதில், யாருமே எதிர்பார்க்காமல் இந்திய அணியில் சேர்க்கப்பட்டதும் எல்லாம் மாறிப்போனது.

காலையில் இட்லி ஊற்றும்போது ஒரு மெசேஜ். துணி காயப்போடும்போது ஒரு மெசேஜ். பயிற்சி முடிந்து மூச்சு வாங்க ஜெயக்கொடி பேசி அனுப்புகிறதை மணிமொழி காதில் வைத்துக் கேட்டுவிட்டு, அவனுக்குப் புரியாத ஏதோ ஒன்றைச் சொல்லிப் பதில் அனுப்புவாள். அதில் இன்னொரு சங்கதியும் அவனைக் குத்தியது. வீட்டில் அவன் அவளை 'மணி' என்றுதான் கூப்பிடுவான். அந்தப் பெண்ணோ 'மொழி' என்று கூப்பிட்டாள். "மொழி, கேளுடி... மொழி, இங்க சாப்பாடே சரியில்லடி..." பெயரில் தனக்குப் பாதிதான் கொடுத்திருக்கிறார்கள், மீதியை வல்லத்துக்காரி முன்னாடியே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றிற்று அவனுக்கு. ஆம்பளையாக இருந்தால் சண்டை போடலாம். ஒரு பொம்பளையின் மேல், அதுவும் நாட்டுக்காக ஆடுகிறவள் மேல், பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அவன் கடை திருவண்ணாமலை ரோட்டில் இருந்தது. அதே ரோட்டில் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஜெயக்கொடிக்கு ஒரு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். 'வல்லத்தின் வீரமங்கையே, வென்று வா!' கீழே ஏழெட்டுப் பேர் படம். மோட்டார் இறக்கப் போகும்போதும் வரும்போதும் அவள் முகம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் காற்றில் ஒரு மூலை அவிழ்ந்து, அவள் கன்னம் மடங்கித் தொங்கியது. அன்றைக்கு முழுக்க அவனுக்கு வேலை சுறுசுறுப்பாக ஓடியது. மறுநாள் யாரோ கயிறு போட்டு இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

குறை சொல்வதென்றாலும் ஆட்டம் தெரிய வேண்டுமே. அரிகிருஷ்ணன் அதைப் படிக்க ஆரம்பித்தான். கடையில் காயில் சுற்றிக்கொண்டே செல்போனில் வாலிபால் பாடங்களைப் பார்த்தான். யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது இடம் மாற வேண்டும், எதிரியின் அடியை வலைக்கு மேலே கைவைத்து எப்படித் தடுப்பது, எதெல்லாம் தப்பு என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டான். கொரியாவோடு நடந்த இரண்டாவது ஆட்டத்தில் இந்தியா தோற்றபோது, ஜெயக்கொடி எத்தனை பந்தை வெளியே அடித்தாள், எத்தனை சர்வீஸை வலையில் போட்டாள் என்று அவனால் விரல் மடக்கிச் சொல்ல முடிந்தது. சொல்லவும் செய்தான்.

"உன் சிநேகிதிக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. அந்த மூணாவது செட்டுல பாத்தியா, சும்மா நின்ன எடத்துலயே நின்னா."

"கொரியாவாச்சே. உலகத்துலயே நல்லா ஆடுறவங்க அவங்க. ஆனா நீங்க எப்ப இதெல்லாம் பாக்க ஆரம்பிச்சீங்க?" என்று மணிமொழி ஆச்சரியமாகக் கேட்டாள். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. அது அவனை இன்னும் எரிச்சல்படுத்தியது.

பக்கத்துக் கடையில் டீ போடும் இளையபெருமாளுக்கு இந்த உள்விவகாரம் எதுவும் தெரியாது. அரிகிருஷ்ணன் செல்போனும் கையுமாக இருப்பதைப் பார்த்து, இவனைப் போல தேசபக்தன் செஞ்சியிலேயே இல்லை என்று முடிவு கட்டிவிட்டான். டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னான்: "எல்லாரும் கிரிக்கெட்டு கிரிக்கெட்டுன்னு கிடக்குறானுங்க. நம்ம அரிய பாரு. பொம்பளைப் புள்ளைங்க ஆடுற ஆட்டத்தக் கூட ஒண்ணு விடாம பாக்குறான். அதுவும் நம்மூரு பொண்ணு ஆடுதுன்னு உசுர வுடுறான்யா."

அரிகிருஷ்ணன் டீயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

நேபாளத்தை ஜெயித்ததால் இந்தியா கடைசி எட்டுக்குள் வந்திருந்தது. கால் இறுதியில் கஜகஸ்தான். அதில் ஜெயித்தால் அரை இறுதி. பதக்கத்துக்கே வாய்ப்பு என்று பேசினார்கள். மணிமொழி அன்றைக்கு ஜவுளிக்கடைக்குப் போகவில்லை. அரிகிருஷ்ணன் கடையில் உட்கார்ந்து தனியாகப் பார்த்தான். ஆட்டம் ஐந்தாவது செட் வரைக்கும் போனது. இளையபெருமாள் டீக்கரண்டியைக் கையில் பிடித்தபடி அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். இரு பக்கமும் சமமாக ஏறி ஏறிப் போய், கடைசியில் இந்தியாவுக்கு ஒரு புள்ளி பின்னடைவு. பந்து ஜெயக்கொடிக்கு வந்தது. அவள் எகிறினாள். இவன் மனசுக்குள் ஒரே வார்த்தைதான் ஓடிற்று: வெளியே, வெளியே, வெளியே.

பந்து கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. முடிந்தது.

"அய்யோ, போச்சே!" என்று இளையபெருமாள் தலையில் கை வைத்துக்கொண்டான். "மனச வுட்றாத அரி. இரு, டீ போட்டுத் தரேன்."

அரிகிருஷ்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். உள்ளே என்னமோ லேசாகிவிட்டிருந்தது. கோடை மழையில் நனைந்த மாதிரி. இனிமேல் மெசேஜ் குறையும். ஃபிளெக்ஸைக் கழற்றுவார்கள். வீடு பழைய வீடாகிவிடும். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் போகும்போது, பஜாரில் வண்டியை நிறுத்தி மைசூர்பாகு வாங்கினான். ஏன் வாங்குகிறோம் என்று அவன் யோசிக்கவில்லை. கை பாட்டுக்கு வாங்கிற்று.

வீட்டில் விளக்கு போட்டிருந்தது. மணிமொழி முற்றத்தில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கயல் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உரத்த குரலில் கேட்டாள்:

"இன்னா நைனா, இந்தியா தோத்துட்டதுக்கு யாராவது ஸ்வீட்டு வாங்கிட்டு வருவாங்களா?"

பாத்திரச் சத்தம் நின்றது. மணிமொழி எழுந்து வந்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்லியிருக்கலாம். மோட்டார் வேலைக்குப் பணம் வந்தது, கயலுக்கு ஆசையாக இருக்கும் என்று நினைத்தேன், இப்படி ஏதாவது. அதற்குள் அவன் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்க வேண்டும்.

"நீ உள்ள போய் படி கண்ணு" என்று மகளை அனுப்பிவிட்டு, அவள் மெதுவாகக் கேட்டாள். "சந்தோஷமா இருக்குதா உங்களுக்கு?"

"அதெல்லாம் இல்ல மணி..."

"அவ தோத்தா உங்களுக்கு இன்னா கெடைக்கப் போவுது?"

அவள் திரும்பிப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்தாள். தேய்த்ததையே மறுபடி தேய்த்தாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. சாப்பாடு போட்டாள், சட்டை துவைத்துப் போட்டாள். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

தோற்ற அணிகளும் உடனே ஊருக்குத் திரும்பிவிடுவதில்லை என்பது அரிகிருஷ்ணனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஐந்தாம் இடம் யாருக்கு, ஏழாம் இடம் யாருக்கு என்று தீர்மானிக்க மேலும் இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தது. வியட்நாமோடு நடந்த ஆட்டத்தன்று மத்தியானம், முதல் இரண்டு செட்டைத் தன் கடையில் பார்த்துவிட்டு, சமாதானமாகப் போய்விடலாம் என்று அவன் ஜவுளிக்கடைக்குப் போனான். சீதளநாதன் கல்லாவில் இருந்தார்.

"மணிமொழி இல்லியேப்பா. தலைவலின்னு அரை நாள் லீவு கேட்டுட்டுப் போச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாமா, மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை வீட்டுக்கு விட்டான். வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. மொட்டைமாடிப் படிக்கட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். அங்கே, வெயில் விழாத படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். செல்போன் மடியில் கவிழ்ந்து கிடந்தது. ஆட்டம் முடிந்துவிட்டிருந்தது. அழுதிருந்தாள்.

"தோத்துட்டாங்களா?" என்று கேட்டான். இந்தத் தடவை அவனுக்குச் சந்தோஷமாக இல்லை. அவள் அழுதது பிடிக்கவில்லை. அந்த ஜெயக்கொடிக்காக அழுகிறாளே என்பது அதைவிடப் பிடிக்கவில்லை. "அவளுக்காகவா இப்டி அழுவுற? தோத்தது அவ. உனக்கு இன்னா வந்துச்சு?"

"அவளுக்காக யாரு அழுதா?" என்றாள் மணிமொழி.

அவன் கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

"நான் அவளப் பாக்கறேன்னுதானே இத்தினி நாளா நெனச்சிட்டிருக்கீங்க? நான் பாக்கறது அந்த ஆறாம் நம்பரு பொண்ண. ஜெயாவுக்குப் பந்து தூக்கிக் குடுக்குதே, அத. சின்னப் பொண்ணு. இருவத்திரண்டு வயசு இருக்கும்." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஜெயாவுக்கு எப்டித் தூக்கணும்னு எனக்குத் தெரியும். வலைக்குக் கொஞ்சம் தள்ளி, ஒசரமா, அவ வந்து சேருற வரைக்கும் பந்து அங்கியே நிக்கணும். அந்தப் பொண்ணு சரியாக் குடுத்துட்டா எனக்கு வயிறு எரியுது. தப்பாக் குடுத்தா குளுகுளுன்னு இருக்குது. ஆனா தப்பாக் குடுத்தா ஜெயா தோத்துடறா. நான் இன்னாதான் வேண்டிக்கறது சொல்லுங்க?"

அரிகிருஷ்ணனுக்கு, கொஞ்ச நாளாகத் தன்னை அரித்துக்கொண்டிருந்த வியாதி இன்னதென்று, பெயர் ஊரோடு அவள் எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது. ஒரே வீட்டில், ஒரே செல்போனைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் வெவ்வேறு ஆளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். முதலில் அவள் மேல் பாவமாக வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று பார்த்தான். அதற்குள் இன்னொரு நினைப்பு முந்திக்கொண்டது. மோட்டார் கொண்டுவரும் பெண்களோடு அவன் சிரித்துச் சிரித்துப் பேசுவான். மேல்மலையனூரிலிருந்து ஒரு டீச்சர் அவனிடம்தான் மோட்டார் கொடுப்பேன் என்று அடம்பிடிப்பாள். இதையெல்லாம் வீட்டிலும் வந்து சொல்வான். மணிமொழி ஒருநாளும் அதற்காக முகம் சுளித்ததில்லை. அவனுக்காக ஒருநாளும் அவளுக்கு வயிறு எரிந்ததில்லை. அந்த ஆறாம் நம்பர்காரியைப் பார்த்து எரிகிறது.

"எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னான். "உன் சிநேகிதி மேல."

"தெரியும். மைசூர்பாகு வாங்கிட்டு வந்தீங்களே" என்றாள் அவள்.

ஒரு படி இறங்கி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கீழே தெருவில் கடலை மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று போயிற்று.

ஏழாம் இடத்துக்கான ஆட்டம் ஹாங்காங்கோடு, காலை நேரத்தில் நடந்தது. அதை யார் பார்ப்பார்கள்? டிவியில் காட்டவில்லை. அதே நேரத்தில் இந்தியாவுக்கு வேறு ஏதோ விளையாட்டில் தங்கம் வந்துவிட, செய்தியெல்லாம் அதைப் பற்றியே. இளையபெருமாள்கூட அந்தப் பக்கம் போய்விட்டான். ஜெயக்கொடி அனுப்பிய இணைப்பில், பேச்சுக்குரல் இல்லாமல் வெறும் பந்துச் சத்தம் மட்டும் கேட்கிற படம் வந்தது. அரிகிருஷ்ணன் ஷட்டரைப் பாதி இறக்கினான். மணிமொழி ஜவுளிக்கடைக்குப் போகிற வழியில் வந்து, காயில் சுற்றும் பலகையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு தூக்கினது உள்ள வந்துடுச்சு, பாத்தியா? வலையோட ஒட்டிக் குடுத்துட்டா" என்றான் அவன்.

"நீங்க யாரு பக்கம் இப்ப?"

"உன் பக்கம்."

"நான் யாரு பக்கம்னு எனக்கே தெரியல" என்றாள் அவள். அவள் கண் திரையிலேயே இருந்தது. அந்தச் சின்னப் பெண் பந்துக்குக் கை தூக்கும்போதெல்லாம் மணிமொழியின் பத்து விரலும் மடியில் விரிந்து விரிந்து அடங்கின. அரிகிருஷ்ணன் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. அந்த விரல்களைத்தான் பார்த்தான்.

இந்தியா ஜெயித்தது. ஆசியாவில் ஏழாவது. ஜெயக்கொடி தரையில் உட்கார்ந்து முட்டியில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். அத்தோடு படம் நின்றுவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயக்கொடி வீட்டுக்கே வந்தாள். வல்லத்தில் சொந்தக்காரர்கள் ஒரு சால்வை போட்டார்களாம். பதக்கம் இல்லாததால் பெரிய கூட்டமெல்லாம் இல்லை. ஃபிளெக்ஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. செல்போனில் பார்த்ததைவிட அவள் ஒல்லியாக இருந்தாள். குனிந்துதான் நிலைப்படிக்குள் வந்தாள். கயலுக்கு ஒரு இந்திய பனியன் கொண்டுவந்திருந்தாள். "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று அவனைக் கேட்டாள். நல்லா இருக்கேன்மா என்றான். இவளைப் பார்த்தால் என்ன செய்யப்போகிறோமோ என்று அவன் பயந்துகொண்டிருந்ததற்கு, ஒன்றும் ஆகவில்லை.

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தான். அதுவும் நடக்கவில்லை. மெசேஜில் அவ்வளவு பேசினவர்கள், நேரில் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பெண்கள் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மணிமொழிதான் அதைத் தொட்டாள்.

"அந்த ஆறாம் நம்பரு உனக்குச் சரியாவே குடுக்கலடி."

"யாரு, அந்தக் கேரளாப் பொண்ணா? நல்லாத்தான் குடுத்துச்சு" என்றாள் ஜெயக்கொடி. "ரொம்ப நல்ல கை மொழி அதுக்கு. நம்ம காலத்துல நாம ஆடினதெல்லாம் ஒண்ணுமே இல்ல. எனக்குத்தான் வயசாயிடுச்சு, பந்துக்குப் போய்ச் சேர முடியல."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் மணிமொழியின் முகம் விழுந்துபோனதை அரிகிருஷ்ணன் பார்த்தான். கூடத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. அவனுக்குத்தான் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழக்கம். சட்டென்று அவனுக்கு ரத்தம் ஏறிற்று.

"சும்மா சொல்லாதம்மா. நல்லாக் குடுத்துச்சாம். கஜகஸ்தான் ஆட்டத்துல கடைசிப் பந்து யாரு தப்பு? வலைக்கு நேரா வச்சிட்டா. உனக்குக் கை வீச எடமே இல்ல, அதனாலதான் வெளிய போச்சு. நாலாவது செட்டுலயும் அதேதான். வியட்நாம்கூட ஆடும்போது முதல் செட்டுல மூணு பந்து கீழ கீழயே வந்துச்சு. மணி தூக்கியிருந்தா உனக்கு அப்டி வந்திருக்குமா?"

ஜெயக்கொடி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, நீங்க அந்த ஆட்டத்தையெல்லாம் பாத்தீங்களா?"

"எல்லாத்தையும்தான் பாத்தேன்."

"ஹாங்காங் ஆட்டத்தக்கூடவா?"

"அதுவும்தான்."

அவள் அவனையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "எங்க வீட்ல கூட ரிசல்ட்டு இன்னாச்சுன்னு மட்டும்தாண்ணா கேட்டாங்க. ஏழாவதான்னு கேட்டுட்டு வுட்டுட்டாங்க. நாங்க ஆடினத ஒருத்தரும் பாக்கல. நீங்க ஒவ்வொரு பந்தையும் வச்சிருக்கீங்க."

அரிகிருஷ்ணனுக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. எதற்காகப் பார்த்தான் என்று அவனுக்குத் தெரியும். மணிமொழிக்கும் தெரியும். அவள் காட்டிக்கொடுக்கவில்லை. "அவரு எல்லாத்தையும் பாப்பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெயில் தாழ்ந்ததும் ஸ்கூல் கிரவுண்டுக்குப் போவோம் என்று ஜெயக்கொடிதான் சொன்னாள். பையன்கள் ஆடி முடித்து வலையைக் கழற்றப் போகிற நேரம். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். ராஜகிரி மலையின் நிழல் பாதி கிரவுண்டை மூடியிருந்தது. மணிமொழி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வலையோரம் போய் நின்றாள்.

முதல் பந்து அவள் விரலில் பட்டுப் பின்னால் போயிற்று. இரண்டாவது வலைக்குள் விழுந்தது. மூன்றாவதை ஜெயக்கொடி அடிக்காமல் பிடித்துவிட்டாள். "அவசரப்படாத மொழி" என்றாள். மணிமொழி சிரிக்கவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எத்தனையாவது பந்தோ தெரியவில்லை, அவள் கைக்கு வந்தது, போனது. ஒரு சத்தமும் இல்லை. பந்து வலைக்குச் சற்றுத் தள்ளி உயரே எழும்பி, வல்லத்துக்காரி ஓடி வந்து எகிறும் வரைக்கும் அங்கேயே நின்ற மாதிரி இருந்தது. அடி கிரவுண்டு முழுக்கக் கேட்டது. பையன்கள் கைதட்டினார்கள்.

மணிமொழி ஜெயக்கொடியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவனுக்கு இடமில்லை, கயலுக்கும் இல்லை, செஞ்சியில் யாருக்கும் இல்லை. இரண்டு கைப்பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிரவுண்டு ஓரத்தில் நின்றிருந்த அரிகிருஷ்ணனுக்கு, நேபாளத்தை ஜெயித்த நாளில் எரிந்ததைவிட நாலு மடங்கு அதிகமாக எரிந்தது. ஆனாலும் அவன் அந்தப் பக்கமிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர்கள் ஆடி முடிக்கும்வரை, போகலாம் என்றும் சொல்லவில்லை.

ஜெயக்கொடி சென்னைக்குத் திரும்பிப் போனாள். ஆடுவதை விட்டுவிட்டு ரயில்வே டீமுக்குப் பயிற்சி கொடுக்கிறாளாம். மெசேஜும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, மறுபடியும் பொங்கலுக்குப் பொங்கல் என்று ஆகிவிட்டது. மணிமொழி மட்டும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கிரவுண்டுக்குப் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ், ஒரு நர்ஸ், இரண்டு கல்லூரிப் பெண்கள் என்று ஒரு டீம் சேர்ந்தது. அந்தப் பெண் போலீஸ் நல்ல உயரம், அவள்தான் அடிப்பவள்.

அந்த வருஷம் விழுப்புரத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் அவர்கள் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டார்கள். அரிகிருஷ்ணன் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தான். அம்பயரிடம் கத்தி, ஒருமுறை எச்சரிக்கையும் வாங்கினான். திரும்பி வரும்போது, கயலை நடுவில் உட்கார வைத்து வண்டியை ஓட்டி வந்தவன், செஞ்சி நெருங்கும்போது கேட்டான்.

"எல்லாப் பந்தையும் அந்தப் போலீஸ்காரிக்கே குடுத்தியே, மத்தவங்களுக்கெல்லாம் கை இல்லியா?"

"அவதான நல்லா அடிக்கறா?"

"அதுக்காக? நடுவுல நடுவுல அவகிட்டப் போய் இன்னா அவ்ளோ பேச்சு?"

"அதுக்கும் எரியுதா உங்களுக்கு?" என்று பின்னாலிருந்து மணிமொழி கேட்டாள்.

"எரியுது" என்றான் அரிகிருஷ்ணன்.

"எரியட்டும். நாளைக்குச் சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரமா கடையச் சாத்துங்க. பிராக்டிஸ் இருக்குது, என்னக் கொண்டு போய் வுடணும்."